ஒரு சங்குப் பாலின் கணக்கு: வடசென்னையில் பச்சிளங்குழந்தையின் பாலளவு

1. கேள்வி எழும் இடம்

ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் பிள்ளை பெற்று, வண்ணாரப்பேட்டைக்கோ தண்டையார்பேட்டைக்கோ வீடு திரும்பும் பெண்ணிடம் முதல் வாரத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பால் பத்துதா?" மாமியார் கேட்பார், எதிர்வீட்டு ஆயா கேட்பார், பார்க்க வந்த சித்தி குழந்தையின் கன்னத்தைத் தொட்டுக்கொண்டே கேட்பார். குழந்தை வீறிட்டு அழுதால் கேள்வியே தீர்ப்பாகிவிடும். "பால் பத்தல, அதான் அழுவுது." அன்று இருட்டுவதற்குள் யாராவது மருந்துக்கடைக்குப் போய் பால்பவுடர் டின் வாங்கி வந்துவிடுவார்கள்.

அந்தக் கேள்வியை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்கிறது இக்கட்டுரை. பிறந்த குழந்தைக்கு எவ்வளவு பால் வேண்டும்? அதை மில்லிலிட்டரில் சொல்ல முடியுமா? முடியும் என்றால் யாருக்கு, எப்போது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்பில் குடிக்கும் குழந்தையின் அளவைக் குழந்தைதான் தீர்மானிக்கிறது; அங்கே நாம் அளக்க வேண்டியவை சிறுநீர், மலம், எடை ஆகிய மூன்று. பாத்திரத்திலிருந்து குடிக்கும் குழந்தைக்கு மட்டுமே மில்லிலிட்டர் கணக்கு பொருந்தும். இவ்விரு கணக்குகளும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால் போதிய பால் சுரக்கும் தாய் பால் இல்லாதவளாகிறாள். உண்மையிலேயே பால் போதாத ஒரு சில குழந்தைகளோ கவனிக்கப்படாமல் போகின்றன.

இந்த விசாரணைக்கு வடசென்னை பொருத்தமான களம். கொடையாளர் ராஜா சர் சவலை ராமசாமி முதலியாரின் பெயர் தாங்கிய அந்த மருத்துவமனை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. ஸ்டான்லிக்கோ 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று இன்னொரு பெயர். 1780களின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தின் வழிவந்தது அது. துறைமுகம், மீன்பிடித் துறை, பட்டறைகள், ஜவுளிக்கடைகள் என உழைப்பால் வாழும் பகுதி. இங்கே பால்பவுடர் டின் ஒன்றின் விலை ஒரு வீட்டின் பல நாள் காய்கறிச் செலவுக்குச் சமம்.

2. முதல் நான்கு நாட்கள்

2.1 சீம்பாலின் அளவு

பிரசவம் ஆனதும் மார்பில் ஊறுவது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, மிகக் கொஞ்சமாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் குழந்தைகள் குடித்த பாலை எடையிட்டுப் பார்த்து 1984இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதல் 24 மணி நேரத்தில் கிடைத்த சீம்பாலின் சராசரி 37 கிராம். சில தாய்மாரிடம் அது வெறும் 7 கிராம், சிலரிடம் 120 கிராமுக்கும் மேல். ஏழு கிராம் என்பது ஒன்றரைத் தேக்கரண்டிக்குள் அடங்கும். அவ்வளவுதான் கிடைத்தது என்று கேட்டால் எந்தப் பாட்டிக்கும் மனம் பதறும். ஆனால் அதுவும் இயல்பின் எல்லைக்கு உட்பட்டதே.

ஒரு வேளைக்கு என்று பார்த்தால், தாய்ப்பால் மருத்துவர்களின் பன்னாட்டு வழிகாட்டல் தரும் கணக்கு இது: முதல் 24 மணி நேரத்தில் 2 முதல் 10 மி.லி.; இரண்டாம் நாள் 5 முதல் 15; மூன்றாம் நாள் 15 முதல் 30; நான்காம் நாள் 30 முதல் 60 மி.லி. நான்கே நாளில் அளவு பல மடங்காகிறது. இந்த ஏற்றத்தைத் தொடங்கி வைப்பது நஞ்சுக்கொடி வெளியேறியபின் தாயின் உடலில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சரிவது. அந்தச் சரிவுக்கும் மார்பு கனத்துப் பால் கட்டுவதற்கும் இடையே பொதுவாக இரண்டு மூன்று நாள் ஆகும். முதல் பிரசவம், சிசேரியன், நீரிழிவு, பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கு ஆகியவை அந்த இடைவெளியை மேலும் நீட்டலாம்.

2.2 இரைப்பை

1920இல் அமெரிக்காவில் ஸ்கேமன், டாயில் என்ற இருவர் பச்சிளங்குழந்தைகள் ஒரு வேளைக்கு எடுத்துக்கொண்ட பாலின் அளவைக் கொண்டு இரைப்பையின் செயல் கொள்ளளவைக் கணக்கிட்டார்கள். முதல் நாள் 7 மி.லி., இரண்டாம் நாள் 13, மூன்றாம் நாள் 27, பத்தாம் நாள் சுமார் 80. நூறாண்டு பழைய இந்த எண்கள்தான், முதல் நாள் இரைப்பை கோலிக்குண்டு அளவே இருக்கும் என்று இன்று தாய்மார்களுக்குக் காட்டப்படும் படங்களுக்கு அடிப்படை. படம் ஆறுதல் தருகிறது, ஆனால் முழு உண்மை அன்று. அவர்கள் அளந்தது குழந்தை குடித்ததை. இரைப்பை எவ்வளவு கொள்ளும் என்பதை அன்று. நில்ஸ் பெர்க்மன் 2013இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பிறந்த குழந்தையின் இரைப்பை ஏறத்தாழ 20 மி.லி. கொள்ளும் என்றும், அது காலியாக ஒரு மணி நேரமே ஆகிறது என்றும் எழுதினார். மணிக்கொரு தரம் குழந்தை பாலுக்குத் தவிப்பதை அவர் இயல்பாகவே காண்கிறார்.

ஆக, முதல் நாள் குறைவாகக் கிடைப்பதற்கு இரைப்பை சிறிது என்பது மட்டும் காரணமாகாது. நிறைமாதக் குழந்தை உடம்பில் உபரி நீரோடு பிறக்கிறது. அதன் சிறுநீரகம் அதிக நீரை வெளியேற்ற இன்னும் பழகவில்லை. சப்புவது, விழுங்குவது, மூச்சுவிடுவது மூன்றையும் ஒன்றாகக் கோக்க அது இப்போதுதான் கற்கிறது. கொஞ்சமாக வரும் கெட்டிப் பாலில் பயின்றபின் பெருகி வரும் பாலுக்கு அது தயாராகிவிடுகிறது. சீம்பாலில் செறிந்திருக்கும் நோயெதிர்ப்புப் புரதங்களும் அந்தச் சொற்ப அளவுக்குள்ளேயே குடலுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

3. இரண்டு கணக்குகளின் மோதல்

பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் வேறொரு கணக்கு வழங்குகிறது. ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைக்கு முதல் நாள் ஒரு கிலோ எடைக்கு 60 மி.லி.; பிறகு நாளுக்கு 15 மி.லி. வீதம் கூட்டி, ஏழாம் நாள் வாக்கில் கிலோவுக்கு 150 மி.லி. இந்தியாவின் அரசு மருத்துவமனைகளுக்கான வழிகாட்டல் இதுதான். மூன்று கிலோ குழந்தைக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். முதல் நாள் 180 மி.லி. எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 22 மி.லி.க்குச் சற்றே மேல்.

முந்தைய பகுதியில் கண்ட சராசரி 37 கிராம். அதுவும் நாள் முழுவதற்கும். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஐந்து மடங்கு இடைவெளி. எது சரி?

இரண்டும் சரி. 60 மி.லி. என்பது மார்பில் குடிக்க முடியாத குழந்தைக்கானது: குறைமாதத்தில் பிறந்தது, மூச்சுத்திணறலோடு உள்ளது, குழாய் வழியாகவோ நரம்பு வழியாகவோ நீர் ஏற்றப்படுவது. அந்தக் குழந்தைக்குச் சேமிப்பு குறைவு, இழப்பு அதிகம். அதன் இரத்தச் சர்க்கரை சரிந்தால் மூளைக்கு ஆபத்து. எனவே யாரோ ஒருவர் கணக்குப் பார்த்துத்தான் ஊட்ட வேண்டும். நிறைமாதத்தில் பிறந்து, தாயின் மார்போடு கிடந்து, கேட்கும்போதெல்லாம் குடிக்கும் குழந்தைக்கு அந்த எண்ணைப் பொருத்துவது பிழை. வார்டில் ஒரு கட்டிலில் குறைமாதக் குழந்தையின் தாய் பாலைக் கறந்து 20 மி.லி. என்று சீட்டில் குறிக்கிறாள். அடுத்த கட்டிலில் இருப்பவள் தன் மார்பைப் பிதுக்கிப் பார்த்து நாலு சொட்டு வரக் கண்டு கலங்குகிறாள். இருவருக்கும் ஒரே அளவுகோல் இல்லை என்பதை அந்த நேரத்தில் யாராவது அருகே உட்கார்ந்து சொல்ல வேண்டும். மருத்துவமனைகளில் ஆள்பற்றாக்குறை முதலில் விழுங்குவது இந்த உட்கார்ந்து பேசும் நேரத்தைத்தான்.

பிதுக்கிப் பார்ப்பதும் சான்றாகாது. குழந்தையின் வாய் செய்யும் வேலையை விரல் செய்வதில்லை.

முதல் மாதத்துக்குப் பிறகான அளவுக்கு நல்ல சான்று உண்டு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஜாக்குலின் கென்ட்டும் உடன் ஆய்வாளர்களும் ஒன்று முதல் ஆறு மாதம் வரையிலான, தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகளை ஒவ்வொரு வேளைக்கும் முன்னும் பின்னும் எடையிட்டு 2006இல் முடிவை வெளியிட்டார்கள். நாளொன்றுக்குக் குடித்தது சராசரி 788 கிராம். ஆனால் ஒரு குழந்தை 478 கிராமில் நன்றாக வளர்ந்தது. இன்னொன்று 1,356 கிராம் குடித்தது. வேளைகளின் சராசரி 11. ஆறு வேளையோடு நிறுத்திய குழந்தையும் இருந்தது, பதினெட்டு வேளை குடித்ததும் இருந்தது. மார்பில் இருந்த பாலில் சராசரியாக மூன்றில் இரண்டு பங்கைத்தான் குழந்தைகள் எடுத்துக்கொண்டன. மிச்சம் வைத்துவிட்டு வாயை எடுத்தன. ஒன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையே நாளளவு பெரிதாகக் கூடவும் இல்லை. 'இரண்டரை மணிக்கு ஒருமுறை, இவ்வளவு மி.லி.' என்று ஊருக்கெல்லாம் ஒரே பட்டியல் எழுதிக் கொடுப்பது அடிப்படையற்றது என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் தேவையில்லை.

4. சங்கு, பாலாடை, கழுதைப்பால்

வண்ணாரப்பேட்டையின் பெயரே சலவைத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கி ஏற்றுமதி செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியேறிய பேட்டை இது. அவர்களின் மூட்டை சுமந்த கழுதை குழந்தை வளர்ப்போடும் தொடர்புடையது. பிறந்த குழந்தைக்கு ஒரு சங்கு கழுதைப்பால் புகட்டினால் நோய் அண்டாது, குரல் தெளியும் என்ற நம்பிக்கை தமிழ்நாடெங்கும் உண்டு. கழுதையைத் தெருத்தெருவாக ஓட்டிவந்து, வாசலிலேயே கறந்து, சங்குக் கணக்கில் விற்பதும் உண்டு.

கழுதைப்பாலைப் பற்றிய இந்த எண்ணத்தை முற்றிலும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. அதன் லாக்டோசும் புரதமும் பசும்பாலைவிடத் தாய்ப்பாலுக்கு நெருக்கமானவை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசின் ஆதரவற்ற குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தைகளை நேராகக் கழுதை மடியிலேயே பாலுண்ண வைத்திருக்கிறார்கள். ஆனால் கழுதைப்பாலில் கொழுப்பு மிகக் குறைவு. ஆகவே ஆற்றலும் குறைவு. தெருவில் காய்ச்சாமல் கறந்து கொடுக்கும் பாலோடு கிருமியும் போகும். பிறந்த குழந்தைக்கு அது வேண்டாம். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு நாக்கில் வைக்கும் சேனைக்கும் இதே முடிவுதான். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை வாதத்தில் தள்ளும். வீட்டின் மூத்தவர் அன்போடு செய்யும் சடங்கு என்பதை மதிக்கிறேன். குழந்தையின் நெற்றியைத் தொட்டு வாழ்த்தினாலும் அந்த அன்பு குறையாது.

பாலை விடுவோம், அதைப் புகட்டும் பாத்திரம் நம்முடையது, அதில் பெருமைப்பட நியாயம் உண்டு. சங்கு என்றும் சொல்லப்படும், மூக்கு நீண்ட அந்தச் சிறு பாலாடை இன்று நாடெங்கும் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பயன்படுகிறது. மருத்துவ இதழ்களில் அதன் பெயரும் அதே பெயர்தான். 1999இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்று புட்டி, கோப்பை, பாலாடை மூன்றையும் ஒப்பிட்டது. பாலாடையில்தான் குழந்தைகள் குறைந்த நேரத்தில் அதிகப் பால் குடித்தன. புட்டியின் ரப்பர் காம்பைப்போல் அது குழந்தையின் வாய்ப் பழக்கத்தைக் குழப்புவதில்லை. காம்பின் இடுக்கில் பால் தங்கிக் கெட்டுப்போகும் தொல்லையும் இல்லை. கொதிநீரில் போட்டு எடுத்தால் சுத்தம்.

வீட்டுப் பாலாடை பெரும்பாலும் 5 முதல் 10 மி.லி. கொள்ளும். முதல் நாளில் ஒரு வேளைக்குக் குழந்தை குடிக்கும் சீம்பாலும் அதற்குள் அடங்கும். இதைவிட எளிதாகப் புரியும் அளவு நம் வீட்டில் வேறில்லை: முதல் நாள் ஒரு வேளைக்கு அரைப் பாலாடை போதும், ஒன்று தாராளம்.

ஆனால் ஊட்டும் முறையில் ஒரு கொடும் பழக்கம் இருக்கிறது. நீட்டிய கால்களில் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து, அழ அழ ஊற்றுவது. 'சங்கு காலியாகணும்' என்பதே அங்கே குறி. குழந்தை விழுங்குவது விருப்பத்தால் அன்று, மூச்சுக்குத் தவித்து. புரையேறிப் பால் நுரையீரலுக்குள் போகும் அபாயம் இதில்தான். குழந்தையைச் சாய்த்து உட்காரவைத்த நிலையில் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சரிக்க வேண்டும். குழந்தை நாக்கை நீட்டி எடுத்துக்கொள்ளும். முகத்தைத் திருப்பினால் பாலாடையை எடுத்துவிட வேண்டும், மிச்சம் எவ்வளவு இருந்தாலும்.

5. 'பத்தல' என்ற தீர்ப்பு உருவாகும் விதம்

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. இது பெரும் சாதனை. அதே ஆய்வு வேறு இரண்டு எண்களையும் தருகிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் சுமார் 60 சதவீதம். ஆறு மாதத்துக்குட்பட்டோரில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் சுமார் 55 சதவீதம்; இந்தியச் சராசரியான 64க்கும் கீழே. எழுத்தறிவிலும் மருத்துவ வசதியிலும் முன்னால் நிற்கும் மாநிலம் இதில் பின்தங்குவது யோசிக்க வேண்டியது.

ஒரு காரணம் கண்ணெதிரே இருக்கிறது: சிசேரியன். அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் ஏறத்தாழ 45 சதவீதம் அறுவை மூலம் நடந்தவை. முதுகில் ஊசி போட்டுச் செய்யும் அறுவையில் தாய்க்கு நினைவு இருக்கும். முதல் மணி நேரத்திலேயே குழந்தையை மார்பில் போடலாம். நடைமுறையில் குழந்தை துடைத்துச் சுற்றப்பட்டு உறவினர் கைக்குப் போகிறது, தாய் வேறு அறையில் படுத்திருக்கிறாள். அந்த இடைவெளியில் 'குழந்தை பசியில கெடக்குது' என்று பவுடர் பால் உள்ளே நுழைகிறது.

அடுத்தது இரண்டாம் நாள் இரவு. முதல் நாள் பெரும்பாலும் தூங்கிக் கழித்த குழந்தை அன்று விழித்துக்கொள்கிறது. மார்பை விட்டு எடுத்தால் அழுகிறது, வைத்தால் ஐந்து நிமிடம் சப்பிவிட்டுத் தூங்குகிறது, கட்டிலில் போட்டால் மீண்டும் அழுகிறது. விடியும்வரை இதே கதை. உண்மையில் பால் சுரப்பைத் தூண்டும் வேலையைக் குழந்தை செய்துகொண்டிருக்கிறது. மார்பு எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவு சுரக்கும். தேங்கிய பால் சுரப்பை அடக்கும். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில் கூடுதலாகச் சுரப்பதால் இரவு ஊட்டல் விசேஷமானது. அந்த இரவில் 30 மி.லி. பவுடர் பால் கொடுத்தால் குழந்தை மூன்று மணி நேரம் தூங்கும், தாயும் தூங்குவாள், தூண்டுதல் நின்றுபோகும். மறுநாள் பால் ஊறுவது தள்ளிப்போகும். நேற்றுச் சொன்ன 'பத்தல' இன்று மெய்யாகிவிடும். தீர்ப்பே குற்றத்தை உண்டாக்கும் இந்தச் சுழற்சியைத் தாய்க்கும் மாமியாருக்கும் பிரசவத்துக்கு முன்பே, கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே விளக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இரவு இரண்டு மணிக்கு விளக்கினால் யார் காதிலும் ஏறாது.

பால் பெருகக் கொடுக்கும் உணவுகளைப் பற்றியும் ஒரு சொல். காசிமேட்டிலிருந்து பால் சுறா வாங்கிப் புட்டு செய்து கொடுப்பது, பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, வெந்தயக் கஞ்சி எல்லாம் நல்ல உணவுகள். பிரசவித்த உடம்புக்குப் புரதமும் இரும்பும் வேண்டும். ஆனால் சுறாப்புட்டு சாப்பிட்ட தாய் குழந்தையை மார்பில் போடாவிட்டால் பால் பெருகாது. மறுபுறம், பத்தியம் என்ற பெயரில் தாய்க்குத் தண்ணீரை அளந்து கொடுப்பது தீங்கு. தாகம் எடுக்கும்போதெல்லாம் அவள் குடிக்கட்டும்.

குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர் தேவையா? கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கடியில் கேட்கப்படும் நியாயமான கேள்வி. தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 சதவீதம் நீர். டெல்லியின் கோடையில் எச்.பி.எஸ். சச்தேவ் குழுவினர் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வு, தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளுக்குத் தனித் தண்ணீர் தேவைப்படவில்லை என்று காட்டியது. தண்ணீர் கொடுத்தால் அந்த அளவுக்குப் பால் குறையும். லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்திருக்கும் வீட்டில் வயிற்றுப்போக்கு அபாயமும் சேரும்.

6. போதுமா என்பதற்கான சான்றுகள்

முதலில் சிறுநீர். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று ஏறி, ஐந்தாறு நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு முறையோ அதற்கு மேலோ, வெளிர் நிறத்தில் போக வேண்டும். டயப்பரைவிடத் துணி கட்டினால் எண்ணுவது எளிது. மலம் முதலிரு நாள் கரும்பச்சை நிறத்தில் பிசுபிசுப்பாக இருக்கும், பிறகு பச்சையாகி, ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக வேண்டும். ஐந்தாம் நாளும் கறுப்பாகவே போனால் பால் உள்ளே போகவில்லை என்று கொள்ளலாம்.

எடைதான் இறுதிச் சாட்சி. முதல் சில நாட்களில் பிறந்த எடையில் 5 முதல் 7 சதவீதம் குறைவது இயல்பு. மூன்று கிலோ குழந்தை 2 கிலோ 800 கிராமுக்கு இறங்கினால் பயப்பட ஒன்றுமில்லை. 10 சதவீதம், அதாவது 300 கிராம் இறங்கினால் மருத்துவர் பார்க்க வேண்டும். பத்து முதல் பதினான்கு நாளுக்குள் பிறந்த எடை திரும்பிவர வேண்டும். அதன்பின் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறும். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணை தாய்ப்பால் குடித்த குழந்தைகளைக் கொண்டே உருவானது. அதற்குத் தரவு தந்த ஆறு நகரங்களில் டெல்லியும் ஒன்று. பவுடர் பால் குடித்துப் பளபளக்கும் குழந்தையோடு ஒப்பிட வேண்டியதில்லை.

அழுகை சான்றாகாது. ஈரம், புழுக்கம், தூக்கக் கலக்கம், தனிமை எல்லாவற்றுக்கும் குழந்தைக்கு ஒரே மொழி. மார்பு மெதுவாகிவிட்டது என்பதும் சான்றாகாது. சில வாரங்களில் சுரப்பும் தேவையும் சமன்பட்டபின் மார்பு இளகத்தான் செய்யும்.

7. உண்மையிலேயே போதாத குழந்தை

'எல்லாத் தாய்க்கும் பால் இருக்கிறது' என்று மேடையில் முழங்குவது எளிது. அது முழு உண்மை அன்று. மார்புத் திசு வளர்ச்சி குறைந்தவர்கள், மார்பில் அறுவை செய்துகொண்டவர்கள், தைராய்டுக் குறைபாட்டுக்குச் சிகிச்சை பெறாதவர்கள், நஞ்சுக்கொடியின் துணுக்கு உள்ளே தங்கியவர்கள் ஆகியோருக்குச் சுரப்பு உண்மையிலேயே குறையலாம். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அநீதி.

இவர்களைவிட எண்ணிக்கையில் அதிகம், பால் இருந்தும் குழந்தையின் வாய்க்குப் போகாத நிலை. காம்பை மட்டும் கவ்வினால் பால் வராது, காம்பு வெடிக்கும். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளியே மடிந்து, மோவாய் மார்பைத் தொட, கருவளையத்தின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் வாய்க்குள் போயிருக்க வேண்டும். விழுங்கும் ஓசை கேட்க வேண்டும். 35, 36 வாரத்தில் பிறந்த குழந்தை பார்வைக்கு நிறைமாதக் குழந்தைபோலவே இருக்கும். ஆனால் சப்புவதில் சோர்ந்து தூங்கிவிடும். 'பாவம், அமைதியான குழந்தை' என்று வீடு மகிழும்போது அது பட்டினி கிடக்கிறது. இத்தகைய குழந்தையைப் பிறந்த எடை திரும்பும்வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கவிடக் கூடாது.

சோர்வு, காய்ச்சல், வறண்ட வாய், முதல் சில நாட்களுக்குப் பின் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, தோலின் மஞ்சள் தொடைவரை இறங்குதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பால் போதாமல் இரத்தத்தில் உப்பு ஏறினால் மூளை பாதிக்கப்படலாம். கோடையில் இது விரைவாக நடக்கும். கூடுதல் பால் தேவை என்று மருத்துவர் சொன்னால் முதலிடம் தாயின் கறந்த பாலுக்கு, அடுத்தது தானம் பெற்றுப் பதப்படுத்திய தாய்ப்பாலுக்கு. மும்பை சயன் மருத்துவமனையில் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989இல் தொடங்கிய தாய்ப்பால் வங்கி இந்தியாவில் முதலாவது. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையில் அத்தகைய வங்கி இருக்கிறது. இவை இரண்டும் கிடைக்காதபோது பவுடர் பால் மருந்தாகிறது. மருந்தை மருந்தாகக் கொடுப்பதில் எந்தத் தாயும் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை.

8. பவுடர் பாலின் கணக்கு

இங்கேதான் மில்லிலிட்டர் தேவை. முதல் வாரத்துக்குப் பின் நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 150 மி.லி. என்பது பொதுக்கணக்கு. மூன்று கிலோவுக்கு 450 மி.லி.; எட்டு வேளை என்றால் வேளைக்குச் சுமார் 56 மி.லி. இது வழிகாட்டும் எண்தான். குழந்தை முகம் திருப்பினால் நிறுத்துவது இங்கும் விதி. எழுதப்பட்ட அளவை முடித்தே தீர வேண்டும் என்று புட்டியைத் திணிப்பது வாந்திக்கும் மிகை எடைக்கும் வழி.

தண்ணீரை முதலில் அளந்துவிட்டு, டின்னோடு வரும் கரண்டியால் தலைதட்டிய அளவில் பவுடரைச் சேர்க்க வேண்டும். பெரும்பாலான தயாரிப்புகளில் 30 மி.லி. தண்ணீருக்கு ஒரு கரண்டி. பவுடர் கிருமியற்றது அன்று. அதனால்தான் கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் கலக்கச் சொல்லி 2007இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. பிறகு குழந்தை குடிக்கும் சூட்டுக்கு ஆற்றிக் கொடுக்க வேண்டும். டின் மாதக் கடைசிவரை வர வேண்டுமே என்று இரண்டு கரண்டிக்குப் பதில் ஒன்று போடும் வீட்டில் குழந்தை வயிறு நிறைந்தே மெலிகிறது. பாக்கெட் பாலில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பதும் தீர்வாகாது. பசும்பாலில் புரதம் தாய்ப்பாலைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. பச்சிளஞ்சிறுநீரகத்துக்கு அது பாரம். தண்ணீர் ஊற்றினால் ஆற்றல் குறையும்.

1992ஆம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்றுப்பொருள் சட்டமும் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் இரண்டு வயதுவரையிலான குழந்தை உணவுக்கு விளம்பரம் செய்வதை, இலவச மாதிரி கொடுப்பதை, டின்னில் குழந்தைப் படம் போடுவதைத் தடை செய்கின்றன. மீறினால் மூன்றாண்டுவரை சிறைத்தண்டனை. இச்சட்டம் இருப்பது மருந்துக்கடையில் டின் வாங்குபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

9. வேலைக்குத் திரும்பும் தாய்

இதுவரை பேசிய கணக்கெல்லாம் தாயும் குழந்தையும் ஒரே இடத்தில் இருப்பதாக எண்ணிப் போட்டவை. வண்ணாரப்பேட்டையில் அந்த எண்ணம் பல வீடுகளில் இரண்டு மாதம்கூட நிலைப்பதில்லை. எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடைகளிலும், மாடிப்படிக்குக் கீழே இயங்கும் தையல் பட்டறைகளிலும், மீன் ஏலத்திலும், அடுக்குமாடி வீட்டு வேலையிலும் இருக்கும் பெண்களின் பால் வற்றுவது உடலால் அன்று. பத்து மணி நேரம் மார்பு காலியாகாமல் நிற்பதால்.

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை வகுத்தது; 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதலிரு குழந்தைகளுக்கு ஊதியத்தோடு 26 வார விடுப்பும், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகமும் தந்தது. தமிழ்நாடு அரசு தன் ஊழியர்களுக்கு 2021இல் விடுப்பை ஓராண்டாக்கியது. நாலு தையல் மெஷின் உள்ள பட்டறையில் இவை எதுவும் நுழைவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி அந்தப் பெண்களுக்குக் கிடைக்கும் ஒரு தாங்கல். அது ஆறு மாதக் கூலிக்கு ஈடாகாது. நகரின் பேருந்து நிலையங்களில் 2015 முதல் திறக்கப்பட்ட பாலூட்டும் அறைகள் நல்ல முன்மாதிரி; ஆனால் அவள் நாள் முழுவதும் இருப்பது பேருந்து நிலையத்தில் அன்று.

கையால் பாலைக் கறந்து வைக்கக் கற்றுக்கொடுத்தால் தாயும் குழந்தையும் பிரிந்திருக்கும் இந்த நேரத்தின் ஒரு பகுதியைக் கடக்கலாம். வேலைக்குக் கிளம்பும் முன்னும், இடையில் இரண்டு முறையும் கறக்க வேண்டும். கறந்த பால் நான்கு மணி நேரம் தாங்கும் என்ற கணக்கு 25 டிகிரி வெப்பமுள்ள அறைக்கானது. சென்னை வெயிலுக்கு அதை நம்பாமல் குளிர்சாதனப் பெட்டியிலோ பனிக்கட்டிப் பெட்டியிலோ வைக்க வேண்டும். வீட்டில் ஆயா அதைப் பாலாடையில் ஊட்டலாம்.

கடைகளில் நின்றபடியே வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அடுத்த படி கடினமானதன்று. எம்.சி. ரோட்டில் கடை வைத்திருப்போரிடமும் பட்டறை நடத்துவோரிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். உங்களிடம் வேலை செய்யும் பெண் பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தால், தாழிடக்கூடிய ஓர் இடமும் ஒரு நாற்காலியும் காலையில் இருபது நிமிடமும் பிற்பகலில் இருபது நிமிடமும் அவளுக்குக் கொடுங்கள், சம்பளத்தில் பிடிக்காதீர்கள்.